அண்ணனின் ஒலிநாடாக்கள்

மழை வந்துவிட்டதென்று எண்ணி, முற்றத்தில் உலர்த்தியிருந்த மிளகாயை வாருவதற்கு விரைந்தேன். அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒரு மேகமும் இல்லை. வில்லியனூர்ப் பக்கத்து ஆடி வெயில் சற்றும் குறையாமல் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் மழையோசை நிற்கவில்லை. அதனூடே இடி முழங்கியது. தொலைவில் ஒரு கோயில் மணி ஒலித்தது. ஒற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு அடிக்கும் துக்க மணி அது. அந்த மணியைக் கேட்டதும் எங்கள் ஊரில் எவரும் கேட்கும் கேள்வியைத்தான் நானும் கேட்டேன்.

"யாரும்மா தவறிட்டாங்க?"

அறைக்குள்ளிருந்து மகள் பதில் சொன்னாள். "ஓசி ஆஸ்போர்ன்பா. நேத்து இறந்துட்டாரு. உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். அந்த மழையையும் மணியையும் கூட எனக்குத் தெரியும்; அடையாளம் காணச் சில நொடிகள் பிடித்தன, அவ்வளவுதான். 2025 ஜூலை 23, புதன்கிழமை அது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த அந்தப் பாடகர் முந்தின நாள் தமது 76ஆம் வயதில் இறந்திருந்தார். அதற்குப் பதினேழு நாள்கள் முன்புதான், தாம் வளர்ந்த ஆஸ்டன் பகுதியில் உள்ள விளையாட்டரங்கில், நிற்க இயலாமல் நாற்காலியில் அமர்ந்தபடியே தம் பழைய தோழர்களுடன் கடைசியாகப் பாடினாராம். அவர்களுடைய 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13இல் வெளிவந்தது. அதன் முதல் பாட்டுக்கு முன்னே வருபவைதாம் அந்த மழையும் மணியும்.

மிளகாயை மறந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாட்டைக் கடைசியாகக் கேட்டு 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. அது பதிந்திருந்த ஒலிநாடாவை நெருப்பில் இட்டவன் நான். அது என்னுடைய ஒலிநாடாவும் அன்று.

இத்தகைய இசை எங்கள் சிற்றூருக்கு எப்படி வந்தது என்று வெளியூர் வாசகர்கள் வியக்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு வியப்பிராது. 1962 ஆகஸ்ட் 16இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியோர் எழுதித் தருவதற்கு ஆறு மாத அவகாசம் அளிக்கப்பட்டது. எங்கள் பெரியப்பா எழுதித் தந்தார். என் தந்தையார் தரவில்லை. அதனால் பெரியப்பா மகன் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து 'சொல்தா' ஆனார். என் உடன்பிறந்த அண்ணன் பஞ்சாலைக்குப் போனார். ஒரே திண்ணையில் பாடம் படித்த இருவரின் வாழ்க்கை ஒரு தாளில் பிரிந்தது. இதைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் வெளிப்படையாகப் பேசியதில்லை. பேசாமலே ஒரு மேசைக்கு இரண்டு விலைகள் உண்டாகிவிடும் வீடுகள் எங்கள் பகுதியில் பல.

சொல்தா அண்ணன் விடுப்பில் வருவது பெரும்பாலும் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டித்தான். அதன் பின் வருவது வில்லியனூர் மாதா திருவிழா. 1877இல் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த லூர்து அன்னையின் சுரூபம் தேரில் பவனி வரும்போது, பிரான்சிலிருந்து விமானமேறி வந்த எங்கள் அண்ணனும் பின்னால் நடப்பார். 1982இல் அவர் பெட்டியில் வாசனைத் திரவியம், ஷாம்பு, சாக்லேட்டு இவற்றோடு ஒரு டூ-இன்-ஒன்னும், பன்னிரண்டு ஒலிநாடாக்களும் இருந்தன. ஜானி ஹாலிடே, ட்ரஸ்ட் என்னும் பிரெஞ்சுக் குழு, டீப் பர்ப்பிள், பிளாக் சப்பாத். அவற்றை அவர் என் அண்ணனுக்கென்றே கொண்டுவந்திருந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்போது எனக்கு வயது பதின்மூன்று; காரணம் எனக்குச் சொல்லப்படவில்லை.

அதற்கு முந்தின ஆண்டுதான் ஆலையின் நெசவுக்கூடத்தில், இரவு வேலையின்போது, தறியின் பல்சக்கரத்தில் அண்ணனின் இடக்கை அகப்பட்டது. நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு போய்விட்டன. எந்த ஆலை என்பது இங்கு வேண்டாம். நட்ட ஈடு என்று ஏதோ கொடுத்தார்கள். அதில் ஒரு பசு வாங்கினோம்.

அண்ணன் பங்கின் பாடகர் குழுவில் கித்தார் வாசித்தவர். எங்கள் பங்கில் கித்தாரைத் தொட்ட முதல் ஆள் அவரே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய இடம் தரச் சொன்னது. பிற இசைக்கருவிகளையும் தக்க வகையில் ஏற்கலாம் என்றது. அது எங்கள் ஊருக்கு வந்து சேரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. வந்தபோது மிருதங்கமும் வீணையும் வரவில்லை, கித்தார் வந்தது. இலத்தீன் பாட்டை மனப்பாடமாகப் பாடிய எங்கள் பாட்டி, அதைச் 'சினிமா வாத்தியம்' என்றே கடைசிவரை அழைத்தார். அண்ணன் வாசிக்கும் ஞாயிறுகளில் மட்டும் முன்வரிசையில் போய் உட்காருவார்.

கித்தார் வாசிப்போருக்குத் தெரியும்: கம்பிகளை அழுத்திச் சுரம் பிடிப்பது இடக்கை. விபத்துக்குப் பிறகு அண்ணன் பாடகர் குழுவின் பக்கமே போகவில்லை. பலிபீடத்துக்கு எதிரே, கடைசித் தூண் ஓரம் நிற்பார். கித்தார் சுவரில் தொங்கியது. ஓராண்டு கழித்து அதை எடுத்துத் துடைத்து என் மடியில் வைத்து, "நீ கத்துக்கடா" என்றார். விரல்களை எங்கே வைப்பது என்று சொல்லியும் தந்தார். சொல்லித் தந்தார் என்பதுதான் சரி. காட்டித் தர அவரால் முடியாது. இன்றைக்கு என்னைப் பங்கில் 'கித்தார் வாத்தியார்' என்கிறார்கள். அந்தப் பெயர் அவருடையது.

பகலில் அவர் பேசுவது குறைந்துபோயிற்று. இரவு வேலை முடிந்து விடியற்காலை வந்து, கஞ்சி குடித்துவிட்டு, பின்கட்டில் பாயை விரித்து, டூ-இன்-ஒன்னைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். அந்த முரட்டு இசை ஓட ஓட, குழந்தைபோல் உறங்கிவிடுவார். அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. "இந்தச் சத்தத்துல எப்படிடா தூங்குற?" என்பார். எனக்கும் விளங்கவில்லை. ஆனால் பிடித்திருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு நான் படித்தது அந்த இசையின் நடுவேதான்.

பின்பு 1988ஆம் ஆண்டுத் தவக்காலம் வந்தது.

மூன்று நாள் தியானம் ஒன்றுக்கு இளைஞர்களை அழைத்துப் போனார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த போதகர் நல்ல நாவன்மை உடையவர். இரண்டாம் நாள் மாலை அவர் மேல்நாட்டு ராக் இசையைப் பற்றிப் பேசினார். குழுக்களின் பெயர்களுக்குள் சாத்தானின் பெயர் மறைந்திருக்கிறது என்றார். ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓட்டினால் சாத்தானுக்குச் செய்யும் வணக்கம் கேட்கும் என்றார். பிளாக் சப்பாத் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டார். எனக்குக் கைகால் நடுங்கின. எபேசு நகரில் மாயவித்தை செய்தோர் தங்கள் நூல்களை எல்லார் முன்னிலையிலும் எரித்ததையும், அவற்றின் மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு என்பதையும் திருத்தூதர் பணிகள் பத்தொன்பதாம் அதிகாரத்திலிருந்து வாசித்துக் காட்டினார். நாளை நீங்கள் கொண்டுவருவது என்ன என்று கேட்டார்.

அன்றிரவே மிதிவண்டியில் ஊருக்குத் திரும்பினேன். அண்ணன் இரவு வேலைக்குப் போயிருந்தார். பன்னிரண்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் திறந்த வெளியில் மூட்டிய தீயில், பிறர் திரைப்படப் புத்தகங்களையும் தாயத்துகளையும் இட்டபோது, நான் அவற்றை இட்டேன். கூட்டம் 'அல்லேலூயா' என்றது. ஒலிநாடா எரியும்போது சுருண்டு, கரும்புழுவைப்போல் நெளியும். அந்தப் புகையின் வாடை எனக்கு ஏற்கெனவே அறிமுகமானது என்று அப்போது ஒரு கணம் தோன்றியது. எங்கே, எப்போது என்று நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். ஒப்புரவு அருட்சாதனம் பெற்று வந்தவனின் துணிச்சலோடு, சற்றுப் பெருமிதத்தோடும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு டூ-இன்-ஒன்னின் கம்பியைப் பிடுங்கிச் சுற்றி, அதைப் பரணில் வைத்தார். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அடுத்த ஆண்டு திருமணமாகிப் பாகூர்ப் பக்கம் அண்ணியின் ஊரோடு போய்விட்டார். நல்லது கெட்டதுக்கு வருவார். எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை. சண்டை போட்டிருந்தால் என்றோ தீர்ந்திருக்கும்.

இவற்றையெல்லாம் வாசற்படியில் இருந்தபடி நினைத்தேன். அன்று முதல் ஒரு வாரம், மகளின் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டுகளைத் திரும்பக் கேட்டேன். ஐம்பத்தாறு வயதில் கேட்கும்போது சில பாட்டுகள் சிரிப்பை மூட்டின. சில வெறும் இரைச்சலாகவே பட்டன. ஆனால் மழையும் மணியும் ஓய்ந்தபின் தொடங்கும் அந்த முதல் பாட்டு என்னை விடவில்லை. கித்தார் மூன்று சுரங்களையே வாசிக்கிறது: சட்ஜம், மேல் சட்ஜம், அடுத்துப் பிரதி மத்திமம். சட்ஜத்திலிருந்து பிரதி மத்திமத்துக்குள்ள இடைவெளியைப் பழைய ஐரோப்பிய இசை நூலார் 'இசையில் சாத்தான்' என்று வழங்கினர். பாடுவதற்குக் கடினமானது, காதுக்கு உறுத்துவது என்பதே காரணம். திருச்சபை அதைத் தடைசெய்திருந்தது என்பது பிற்காலத்தார் கட்டிய கதை. நம்முடைய 72 மேளகர்த்தாக்களில் சரிபாதி, 36 மேளங்கள், பிரதி மத்திமம் உடையவை. கலியாணி அவற்றுள் ஒன்று. ஐரோப்பியர் சாத்தான் என்றதை நாம் கலியாண வீட்டில் நாகசுரத்தில் கேட்டுவிட்டுப் பந்திக்குப் போகிறோம்.

பாட்டின் பொருளையும் இப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். சாத்தானுக்கு அதில் வணக்கம் ஏதுமில்லை. இருளில் ஓர் உருவத்தைக் கண்டு நடுங்கும் மனிதன், தனக்கு உதவக் கடவுளைக் கூவி அழைக்கிறான். அக்குழுவுக்குப் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர் கீசர் பட்லர். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஞானோபதேசம் கற்று வளர்ந்தவர். குழுவினர் கழுத்தில் அணிந்த சிலுவைகளை முதலில் செய்து கொடுத்தவர் ஓசி ஆஸ்போர்னின் தந்தை; தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் தொழிலாளி. பின்னோக்கி ஓட்டும் கதையோ, 1990இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஜூடாஸ் பிரீஸ்ட் என்னும் இன்னொரு குழுவின்மேல் வழக்காகவே நடந்து, நீதிபதியால் தள்ளப்பட்டது.

இதனால் அந்தப் போதகர் சொன்னது முற்றிலும் பொய் என்று நான் வாதாட வரவில்லை. பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் இராட்சிங்கர், திருவழிபாடு பற்றி எழுதி 2000இல் வெளிவந்த நூலில், ராக் இசை விழாக்களில் மனிதன் கூட்டத்துக்குள்ளும் தாளத்துக்குள்ளும் தன்னையே இழந்துவிடத் தேடுகிறான் என்றும், அது கிறித்தவ வழிபாட்டுக்கு நேர் எதிரானது என்றும் கடிந்து எழுதினார். திருப்பலியைப் பொறுத்தவரை நான் அவர் பக்கமே. டிரம்ஸ் அதிர, எழுந்தேற்றத்தின்போதும் அடங்காத எங்கள் இளைஞர்களோடு மாதம் ஒருமுறையாவது மல்லுக்கு நிற்கிறேன். ஆனால் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1997 செப்டம்பர் 27இல் பொலோஞா நற்கருணை மாநாட்டில் பாப் டிலனைத் தம் முன்னே பாடவைத்து, அவருடைய பாட்டொன்றை எடுத்துக்கொண்டே இளைஞர்களுக்கு மறையுரையும் ஆற்றினார். அதில் தமக்கு அன்று ஐயம் இருந்ததென்று இராட்சிங்கரே பிற்பாடு எழுதியிருக்கிறார். திருச்சபையின் உச்சியிலேயே இருவர் இருவிதமாக எண்ணிய காரியத்தில், பத்தொன்பது வயதில் நான் ஒரே இரவில் தீர்ப்பெழுதிவிட்டேன். எழுதியது என் பொருளின்மேலும் அன்று.

என்னை உறங்கவிடாமல் செய்தது வேறொரு செய்தி. அக்குழுவின் கித்தார்க் கலைஞர் டோனி அயோமி. பதினேழு வயதில், பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில், வேலையை விட்டுவிடும் கடைசி நாளன்று, எந்திரத்தில் அவருடைய வலக்கை நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றின் நுனிகள் துண்டாயின. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆகவே கம்பிகளை அழுத்தும் கை அதுதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள். மேற்பார்வையாளர் ஒருவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். 1928இல் தீ விபத்தில் இடக்கை விரல்கள் இரண்டு செயலிழந்த பின்னும், எஞ்சிய விரல்களால் உலகை வியக்கவைத்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசை அது. அயோமி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தின் பிளாஸ்டிக் குப்பியை உருக்கி, விரல் நுனிகளுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். அழுத்துவது வலித்ததால் மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். பின்னர்க் கம்பிகளின் முறுக்கைத் தளர்த்திச் சுருதியையும் கீழிறக்கினார். உலகம் 'ஹெவி மெட்டல்' என்று அழைக்கும் அந்தக் கனத்த நாதத்துக்கு, ஒரு தொழிலாளியின் அறுபட்ட விரல்களும் ஒரு காரணம். அதே மனிதர் 2017இல், பர்மிங்காமின் ஆங்கிலிக்கன் பேராலயத்துக்காக ஒரு பாடகர் குழு இசையை அமைத்திருக்கிறார். எடுத்துக்கொண்ட பொருள் 133ஆம் திருப்பாடல். உடன்பிறந்தோர் ஒன்றாய் வாழும் இனிமை பற்றியது.

நடுவிரல், மோதிர விரல். மகளிடம் கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கை நடுங்கியது.

அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் அவளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூருக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்த 37 ஆண்டுகளில் எத்தனை முறை போயிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். பந்தல் போட்ட நாள்கள் மட்டுமே கணக்கில் வந்தன.

அண்ணன் வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். வயது அறுபத்தைந்து. நெசவுக்கூடத்து இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. உரக்கப் பேச வேண்டும். காபி வந்தது. அண்ணி மகளின் வேலை பற்றி விசாரித்தார். நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், கடைசியில் அயோமியின் கதையைத் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"தெரியும்டா. அப்பவே அண்ணன் சொல்லுச்சு. அதுக்குத்தான அந்தக் கேசட்டெல்லாம் கொண்டாந்துச்சு."

சிறிது நேரம் செதுக்கினார். "நானும் செஞ்சு பாத்தேன். அண்ணன் குடுத்த ஷாம்பு டப்பாவ அடுப்புல காய்ச்சி. நாலு தடவ செஞ்சேன். விரல்ல நிக்கல. வீடு பூரா நாத்தம்னு அம்மா திட்டுச்சே, உனக்கு ஞாபகம் இல்ல?"

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தீயில் ஒலிநாடாக்கள் உருகியபோது எனக்கு முன்பே அறிமுகமாயிருந்த வாடை அதுதான். 1982இன் ஒரு மாலை, அடுக்களை நிறையக் கரும்புகை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அண்ணன்.

"அண்ணே, அன்னிக்கே என்ன ரெண்டு அடி அடிச்சிருக்கலாமே. ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றேன்.

"நீ சாமியாராப் போவன்னு அம்மா நெனச்சிட்டு இருந்துச்சு. அத எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

நான் குருமடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை. மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் சரியாக விழுந்ததா என்று தெரியவில்லை. திரும்பக் கத்திச் சொல்லவும் வாய் வரவில்லை. மன்னிப்பைக் கூவிச் சொல்வது எத்தனை கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மகள்தான் கைப்பேசியை எடுத்து, தன் பெரிய காதொலிப்பானை அவர் தலையில் மாட்டினாள். பாட்டைத் தொடக்கிவிட்டு, "கேக்குதா பெரியப்பா?" என்று சைகையால் கேட்டாள். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"மழ பெய்யுமே முதல்ல. மழ எங்கடா?"

பெய்துகொண்டுதான் இருந்தது, எனக்கு வெளியிலேயே மெல்லக் கேட்டது. ஆலை இரைச்சல் முதலில் பறிப்பது மேல் தொனிகளைக் கேட்கும் திறனைத்தான்; அடித்தொனிகள் கடைசிவரை எஞ்சும் என்று அவரைப் பார்த்த மருத்துவர் முன்பொருமுறை விளக்கியிருக்கிறார். மழை மேல் தொனி. மணி அரைகுறையாக எட்டியிருக்க வேண்டும்; தலையை ஒருபக்கம் சாய்த்தார்.

பிறகு கித்தார் விழுந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார். இடக்கை மண்வெட்டிக் காம்பின்மேல் இருந்தது. முழு விரல்கள் இரண்டும் குறை விரல்கள் இரண்டும், சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்திமம் என்று, மரத்தை மெல்ல அழுத்தி அழுத்தி எடுத்தன.